ஊரா, காலனியா?

"ஊருக்கா, காலனிக்கா?" என்று நடத்துநர் கேட்பார். இரண்டுக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். இரு நிறுத்தங்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், ஒரு புளியமரம், நாலைந்து வயல். நடந்தால் பத்து நிமிடம். காவிரிப் படுகையில் நான் ஏறி இறங்கிய டவுன் பஸ்களில் இந்தக் கேள்வியைப் பல நூறு முறை கேட்டிருக்கிறேன். பதில் சொல்பவர் எந்தச் சாதி என்பது அந்த ஒரு சொல்லில் பேருந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். மடியில் கல்லூரிப் பையை வைத்திருந்த ஒரு பெண், சில்லறையை நீட்டியபடி உதடு மட்டும் அசைய "காலனி ஒண்ணு" என்றதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல மனம் வராமல் ஊர் நிறுத்தத்துக்கே டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடப்பவர்களும் உண்டு.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டது. அதனால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்பது அதன் சாரம். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நகரத்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இதுல என்ன சார் தப்பு? நாங்களும்தான் பேங்க் காலனியில இருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் வலிக்கலையே?"

அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவருக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு நேரம் போதவில்லை.

நகரத்தில் அந்தச் சொல் வாழும் வாழ்க்கையே வேறு. ரயில்வே காலனி, ஆசிரியர் காலனி, ஹவுசிங் போர்டு காலனி, என்.ஜி.ஓ. காலனி என்று எத்தனையோ. கடைசியில் உள்ள என்.ஜி.ஓ. இன்றைய தொண்டு நிறுவனம் இல்லை. அரசிதழில் பெயர் வராத நிலையில் பணியாற்றும் அரசு ஊழியர்களைக் குறிக்கும் பழைய சுருக்கம். மாதச் சம்பளம், கூட்டுறவுச் சங்கக் கடன், அளந்து பிரித்த மனை, வாசலில் ஒரு செம்பருத்தி: நகரத்துக் காலனி என்றால் இவைதான் நினைவுக்கு வரும். அந்த முகவரியை விண்ணப்பப் படிவத்தில் எழுதும்போது யாருக்கும் கை தயங்குவதில்லை. அதே படிவத்தில் 'காலனித் தெரு' என்று எழுதும் கிராமத்து இளைஞனுக்குத் தயங்குகிறது. எழுத்து மாறவில்லை, உச்சரிப்பு மாறவில்லை. முன்னால் தொழிலின் பெயர் இருந்தால் கௌரவம். ஊரின் பெயர் இருந்தால் சாதி.

இந்தச் சொல் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. லத்தீனில் 'கொலெரே' என்றொரு வினைச்சொல். உழுதல், பயிரிடுதல், குடியிருத்தல், பேணுதல், வழிபடுதல் எல்லாம் அதில் அடக்கம். பண்பாட்டைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நாமும் பண்படுத்திய நிலம் என்கிறோம், பண்பாடு என்கிறோம். உழுபவன் 'கொலோனுஸ்'. அவர்கள் குடியேறிய இடம் 'கொலோனியா'. ஆக, காலனி என்றால் உழவர் குடியேற்றம். நிலத்தோடு உழைப்பால் உறவு கொண்டவனின் பெயரைச் சுமந்து பிறந்த சொல் அது.

ரோமானியர்கள் அதைப் படைத்தொழிலோடு சேர்த்தார்கள். போர் முடித்து ஓய்வு பெறும் வீரர்களுக்கு, வென்ற நாட்டில் நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்து கொடுத்தார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரம் கி.பி. 50-ல் அப்படிக் 'கொலோனியா' தகுதி பெற்றது. சொல்லே இன்றும் ஊர்ப்பெயராக நிற்கிறது. அதற்கு ஓராண்டு முன்பு பிரிட்டன் தீவில் ரோமானியர்களின் முதல் காலனி அமைந்தது. இன்றைய கோல்செஸ்டர்தான் அந்த இடம். அங்கே குடியேறிய முன்னாள் வீரர்கள் உள்ளூர் மக்களை வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் விரட்டினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரசி பூடிக்காவின் தலைமையில் மக்கள் திரண்டு எழுந்து, அந்தக் காலனியை முதலில் கொளுத்தினார்கள். பின்னாளில் உலகெங்கும் காலனி அமைக்கப்போகிற தீவுக்கு அந்தச் சொல் அறிமுகமானது இப்படி: பறிகொடுத்த பக்கத்திலிருந்து.

அதைவிட என்னை உலுக்குவது பிறகு நடந்தது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் 'கொலோனுஸ்' என்ற சொல் சுதந்திரமான உழவனைக் குறிப்பதை விட்டு, பெருநிலக்காரரின் பண்ணையோடு கட்டுண்ட குத்தகையாளைக் குறிக்கத் தொடங்கியது. கி.பி. 332-ல் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டான். பண்ணையை விட்டு ஓடிப்போக நினைக்கும் கொலோனுஸை அடிமையைப் போல இரும்பில் பூட்டலாம் என்றது அது. உழவன் என்பதற்கான சொல், ஊரைவிட்டுப் போக முடியாத ஆள் என்பதற்கான சொல்லாயிற்று. தஞ்சைப் பண்ணையாள் வரலாறு தெரிந்த எவருக்கும் இதைப் படிக்கும்போது வேறு ஏதோ நாட்டுக் கதையைப் படிப்பதாகத் தோன்றாது.

ஆங்கிலேய ஆட்சியில் இந்தச் சொல்லைக் கறாராகவே கையாண்டார்கள். இலங்கை 1802-லேயே முடிக்குரிய காலனி. லண்டனில் அதைக் கவனித்தது காலனிகளுக்கான அலுவலகம். 1858-க்குப் பிறகு இந்தியாவுக்கென்று தனி அலுவலகம், தனி அமைச்சர். ஏட்டளவில் இந்தியா 'காலனி' என்ற பட்டியலில் இல்லை. ஆனால், இந்தியாவுக்குள்ளேயே காலனிகள் முளைத்தன. பஞ்சாபில் கால்வாய் வெட்டி, வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து, பிற மாவட்ட உழவர்களைக் கூட்டிவந்து குடியமர்த்தினார்கள். அவை 'கால்வாய்க் காலனிகள்'. அதுவரை அந்த நிலத்தில் ஆடுமாடு மேய்த்துத் திரிந்தவர்களுக்கு அதிகாரிகளின் ஏடுகளில் கிடைத்த பெயர் 'ஜாங்லி', காட்டுமனிதன். பிறகு ரயில்வே வந்தது, பணிமனை வந்தது. திருச்சி பொன்மலையில் பணிமனையைச் சுற்றித் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள் எழுந்தன. ஒரு நிர்வாகம் திட்டமிட்டு, அளந்து, ஒரே மாதிரி வீடு கட்டி, ஒரு பிரிவினரைக் குடியமர்த்தும் இடம் என்று பொருள் நிலைத்தது. நண்பரின் பேங்க் காலனி இந்தக் கிளையில் வந்தது.

கிராமத்துக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. அந்த வழியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வயல் இல்லாத துயரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வீடு கட்டிய மண்கூடத் தன்னுடையதாக இல்லாத துயரத்தைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். சேரியில் குடிசை போட்டிருந்த உழைப்பாளிக்கு அந்தக் குடிசையடி நிலம் சொந்தமில்லை. பெரும்பாலும் அது மிராசுதாரருடையது. கூலி கூட்டிக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், "நாளைக்குக் கூரையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை இதைத் தெளிவாகவே பதிவுசெய்தது. அதன் தொடர்ச்சியாக 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கான பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் யார் கைக்குப் போயின என்பது தனிக் கட்டுரைக்குரிய வேதனை. 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் நலத் துறை உருவானபோது, ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை வாங்கித் தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாயிற்று. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த அடிமனையை உரிமையாக்கியது. 1974-ல் ஆதிதிராவிடர் வீட்டுவசதிக்கென்று தாட்கோ கழகம். 1978-ல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டம்.

இப்படிக் கிடைத்த மனைகளில் எழுந்த தொகுப்பு வீடுகள்தாம் கிராமத்துக் காலனி. எண்ணெய் விளக்கும் ஈரத்தரையுமாக இருந்த இடத்திலிருந்து வந்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்தில் ஓர் அறை, சின்னத் திண்ணை, தளம் போட்ட கூரை. மழைக்கு ஒழுகினாலும் தீப்பிடிக்காத கூரை. கோணல் சந்துக்குப் பதில் நேர்த்தெரு. கையில் பட்டா. முதன்முதலாகக் குடியேறிய தலைமுறை "நாங்க காலனிக்கு வந்துட்டோம்" என்றுதான் சொன்னது. அதைத் தலை நிமிர்ந்தே சொன்னது. சேரி என்ற சொல்லிலிருந்து தப்பித்துவந்த நிம்மதி அந்தப் பேச்சில் இருந்தது. என் அப்பா காலத்து மனிதர் ஒருவர், தகரப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிவைத்திருந்த பட்டாவை எடுத்து என்னிடம் காட்டியிருக்கிறார். மடித்த மடிப்பில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. மூன்று சென்ட். "இதை வெச்சுக்கிட்டுத்தான் தம்பி நான் கூலி பேச ஆரம்பிச்சேன்" என்றார்.

அந்த நிம்மதி ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. அரசு நிலம் தேடிய இடமெல்லாம் ஊருக்கு வெளியிலேயே இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஏரி உள்வாயை ஒட்டி, சுடுகாட்டுப் பாதையில். ஊருக்குள் மனை வாங்கிக் குடியமர்த்த எந்த அதிகாரியும் துணியவில்லை, ஊர் விட்டிருக்காது. பழைய சேரிக்கும் ஊருக்கும் இருந்த இடைவெளியை அரசே அளந்து, கல் நட்டு, ஆவணமாக்கிக் கொடுத்ததுபோல ஆயிற்று. பிறகு 'காலனிக்காரன்', 'காலனிப் பசங்க' என்று பேச்சு பிறந்தது. பள்ளியில், பால் கூட்டுறவுச் சங்கத்தில், திருவிழா வரி பிரிக்கும் இடத்தில் அந்தப் பேச்சு வேலை செய்தது. ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார்: சமூக அறிவியல் பாடத்தில் 'காலனி ஆதிக்கம்' என்று அவர் வாசித்த உடனே, பின் வரிசையிலிருந்த ஒரு பையனைப் பார்த்து வகுப்பே திரும்பியது. அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று முதல் அவர் அந்தப் பாடத்தில் 'அந்நிய ஆதிக்கம்' என்றே சொல்கிறார்.

சேரியும் பிறக்கும்போது வசைச் சொல்லாகப் பிறக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி. முதல் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்: அந்தப் பிராமண ஊர் முப்பது குடும்புகள் என்னும் வட்டங்களாகவும் பன்னிரண்டு சேரிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தணர் வாழ்ந்த தெருத்தொகுதிக்கும் சேரி என்றே பெயர். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தத்துக்கு வெளியே பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்றெல்லாம் வரியில்லா நிலங்களாகப் பட்டியல் வருகிறது. நாளடைவில் மற்றவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைவிட்டு வெளியேறித் தெரு, அக்கிரகாரம், நகர் என்று போய்விட்டார்கள். விட்டுச்சென்ற சொல் ஒரு பிரிவினர் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது. சேரிக்கு ஆயிரம் ஆண்டில் நேர்ந்தது காலனிக்கு ஐம்பது ஆண்டில் நேர்ந்துவிட்டது. பெயரை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைத்தான் சுட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால், தினம் இரண்டு வேளை பேருந்தில் அந்தச் சொல்லைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டியவள் அவர்களுடைய மகளாக இருந்தால், இந்தக் கேள்வியை இவ்வளவு நிதானமாகக் கேட்பார்களா?

தமிழில் காலனிக்கு நிகராக நாம் வைத்திருக்கும் சொல் குடியேற்றம். குடி என்ற வேர் எவ்வளவு விரிந்தது! வீடு குடி, குலம் குடி, ஆளப்படும் மக்கள் குடி. குடிபுகுதல், குடித்தனம், குடியிருப்பு, குடிமகன். உழவனுக்கும் குடியானவன் என்றே பெயர். குடியிருப்பதும் உழுவதும் ஒரே சொல்லில் இணைவது லத்தீனில் நடந்ததுபோலவே இங்கும் நடந்திருக்கிறது. ஆனால், தஞ்சைப் பகுதி ஊர்களில் போய்க் கேளுங்கள்: குடியானத் தெரு என்றால் நிலமுள்ள சாதியார் தெரு. வயலில் இறங்கி நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அந்தத் தெருவில் இல்லை. அவர்கள் குடியானவர் என்ற கணக்கிலேயே வரவில்லை. உழவன் என்ற தமிழ்ச் சொல்லை அவர்களுக்குத் தர மறுத்த ஊர், கடல் கடந்து வந்த இன்னொரு உழவன் சொல்லை அதன் பொருள் தெரியாமலே அவர்கள்மேல் சுமத்தி, அதையும் இழிசொல்லாக்கிவிட்டது. இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்போது எனக்குள் இருந்த ஆற்றாமை இதுதான்.

குடி என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. கோயிலுக்கோ அந்தணருக்கோ மன்னர்கள் நிலம் கொடுத்தபோது, அங்கே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதையும் சாசனத்தில் எழுதினார்கள். அவர்களை அப்படியே இருக்கவிட்டால் 'குடிநீங்கா' நிலம். அப்புறப்படுத்திக் கொடுத்தால் 'குடிநீக்கி'. நியாயமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால், புதிதாக ஒருவர் குடியேறும் இடத்தில் முன்பே ஒருவர் இருந்தார் என்பதை அந்தச் சொல் மறைக்கவில்லை. காலனி, குடியேற்றம் என்ற நம் காலத்துச் சொற்கள் மறைத்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று கருதி எழுப்பிய சட்டக் கட்டடத்தை, மாபோ வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தகர்க்க 1992 வரை ஆனது.

இலங்கைத் தமிழர்கள் இந்தச் சொல்லை அறிந்த விதம் நம்முடையதைப் போன்றதில்லை. அங்கே அதைக் 'கொலனி' என்று எழுதுவார்கள். கிழக்கே அம்பாறைப் பக்கம், நான்காம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி என்று எண்ணையே பெயராகக் கொண்ட ஊர்கள் உண்டு. 1935-ன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1949-ல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பிறகு கந்தளாய், அல்லை என்று வறண்ட வலயத்தில் அரசு நிலமற்றோரைக் குடியேற்றிக்கொண்டே போனது. தெற்கிலிருந்து வந்த சிங்கள விவசாயிகளில் பலர் ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கிய ஏழைகளே. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், எந்த மாவட்டத்தில், எந்த மொழி பேசுவோரை, எவ்வளவு பேர் என்பதை முடிவுசெய்த அதிகாரம் தமிழர், முஸ்லிம்களின் கையில் இல்லை. மாவட்டங்களின் மக்கள்தொகை மாறியது, தொகுதிகள் மாறின. அதனால்தான் 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில் மொழிக்கு அடுத்தபடி குடியேற்றமே பேசுபொருளானது. குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிரதேச சபைகளுக்கு என்றது அது. மறு ஆண்டே அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965-ன் டட்லி சேனநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்தில் மறுபடியும் அதே பொருள், மறுபடியும் நிறைவேறாமை.

ஈழத்தமிழர் ஒருவரிடம் 'குடியேற்றம்' என்று சொன்னால் அவர் முகத்தில் ஓர் இறுக்கம் வருவதை நான் கண்டிருக்கிறேன். அதே சொல்லுக்கு முன்னால் 'மீள்' என்று சேர்த்துச் சொன்னால் முகம் வேறாகிறது. 2009-ல் போர் முடிந்த பிறகு முள்வேலி முகாம்களில் இருந்தவர்கள் காத்துக்கிடந்தது மீள்குடியேற்றத்துக்காக. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் புத்தளத்துக் கொட்டில்களில் காத்திருந்தது அதே சொல்லுக்காகத்தான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கிணறு தூர்ந்திருந்தது, வேலிக் கதியால் மரமாகியிருந்தது. ஆனாலும் இது என் காணி என்று சொல்ல முடிந்தது.

செவ்வாய்க் கோளில் காலனி அமைக்கப்போவதாகச் செய்திகள் வருகின்றன. அங்கே விரட்டப்பட யாரும் இல்லை என்பதால் போகட்டும். பாலஸ்தீனச் செய்திகளில் 'குடியேற்றங்கள்' என்று எழுதும்போது மட்டும், யாருடைய ஒலிவத் தோப்பில் என்று ஒரு வரி சேர்த்து எழுதுமாறு என் பத்திரிகை நண்பர்களைக் கேட்டுக்கொள்வேன்.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். காலனி என்ற சொல்லை ஆவணத்திலிருந்து நீக்குவதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால், அந்த இடத்தில் எதை எழுதப்போகிறோம்? ஒரு தலைவரின் பெயரோடு 'நகர்' என்று சேர்த்துவிடுவது எளிது. பத்து ஆண்டில் அந்த 'நகர்' என்ற சொல்லையும் நடத்துநர் அதே தொனியில் கேட்கக்கூடும். சில பகுதிகளில் ஏற்கெனவே அப்படித்தான் கேட்கிறார்கள்; தலைவரின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிகிறது. 1997-ல் தொடங்கிய சமத்துவபுரங்கள் ஒரு வழியைக் காட்டின. நூறு வீடுகள், நாற்பது ஆதிதிராவிடருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து ஏனையோருக்கு. குறைகள் இருக்கலாம். ஆனால், சுவருக்குச் சுவர் ஒட்டிக் குடியிருக்க வைத்த அந்த எண்ணம் மறக்கப்படக் கூடாதது. இனி அரசு வாங்கும் ஒவ்வொரு வீட்டுமனையும் ஊருக்குள்ளேயோ ஊரை ஒட்டியோ இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால், பெயர் மாற்றத்தைவிட அது நெடுநாள் பேசும்.

பெயரைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டு பெயர் வேண்டாம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஊராட்சி, ஒரே ஏரித் தண்ணீர், ஒரே அஞ்சல் குறியீட்டு எண். அந்த ஊரின் பெயர் அங்கே வாழும் எல்லோருக்கும் உரியது. அதைப் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பேருக்கு வேறொன்று தேடுவதை நிறுத்துவோம். தெருக்களுக்குத் தனிப் பெயர் வேண்டுமென்றால் குடியிருப்பவர்களே கிராம சபையில் கூடி வைத்துக்கொள்ளட்டும்.

பிரதான சாலையிலிருந்து பிரியும் இடத்தில் நெடுஞ்சாலைத் துறையின் பச்சைப் பலகை ஒன்று நிற்கும். இப்போது அதில் வலது பக்கம் அம்புக்குறி போட்டு ஊரின் பெயரும், இடது பக்கம் அம்புக்குறி போட்டு அதே பெயரோடு 'காலனி'யும் எழுதியிருக்கும். பெயின்டர் வரும்போது இடது பக்கத்தில் அந்தக் கடைசிச் சொல்லை அழித்தால் போதும். இரண்டு அம்புக்கும் ஒரே பெயர் நிற்கட்டும்.